எக்கோ இல்லாத ஆம்ப்ளிஃபயர்

பழைய ரேடியோ மாதிரி இருக்கிறது என்று அந்த கிட்டார் ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுத்தது என் மனைவிதான். வால்வு சூடாகிச் சத்தம் வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். "ஐயாவுக்கு இன்னும் தூக்கம் கலையல," என்பாள்.

மகள் கல்யாணத்தில் வாசிப்பதாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தேன். "அப்பா, மானத்த வாங்கிடாதீங்க," என்றாள் மகள். அவள் பயமும் நியாயம்தான். பாட்டின் கடைசி வரியில் எப்போதும் ஒரு சுரத்தைத் தப்பாக வாசிப்பேன். ஆனால் சற்றுப் பொறுத்து ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் எக்கோவில் மட்டும் அது சரியாகத் திரும்பி வரும்.

ஆம்ப்ளிஃபயர் வாங்கிய கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "அந்த மாடல்ல எக்கோவே கிடையாதே சார்," என்றார்.

"வாசிக்கத் தெரிஞ்ச ஆள் வீட்டுலயே இருக்கார். கேட்டுப் பழகுங்க," என்று ஆம்ப்ளிஃபயரைக் காட்டினாள் மனைவி. பழகினேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் இருவரையும் உட்காரவைத்துப் பிசிறில்லாமல் வாசித்து முடித்தேன். எக்கோ திரும்பி வந்தது. கடைசி வரியில், நான் வழக்கமாகத் தப்புவிடும் அதே இடத்தில், அது தப்புவிட்டது.

"பாவம், அவருக்கும் கல்யாணப் படபடப்பு!" என்றாள் மனைவி.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து கிட்டாரின் ஒயரைக் கழற்றினேன். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சற்றுப் பொறுத்து அந்தச் சிரிப்பு ஆம்ப்ளிஃபயரிலிருந்து திரும்பி வந்தது. அதில் நான்கு பேர் சிரித்தார்கள்.