எந்த 2118?

பூட்டன் கண்டுபிடித்த கயிறு திரிக்கும் யந்திரத்தைப் பற்றி லண்டன் முழுக்கப் பீற்றிவிட்டு, அத்தாட்சி தேடி நூலகத்துக்கு வந்தார் யேசுரட்ணம். பூட்டன் எழுதிய குறிப்பை லமினேற் செய்து பத்திரமாக வைத்திருந்தார். அதை நூலகத்தில் வேலைசெய்யும் மரினாவிடம் நீட்டினார்.

"காப்புரிமை இலக்கம் 2118. எடுத்துத் தாரும் பிள்ளை."

"எந்த வருஷம் அங்கிள்? 1915 வரைக்கும் வருஷா வருஷம் ஒண்டிலயிருந்துதான் இலக்கம் போட்டவை. அறுபதுக்கு மேல 2118 இருக்கு."

"வெள்ளைக்காரனுக்குப் பதிவு வைக்கத் தெரியேல்லை. முப்பது வருஷம் கவுன்சிலிலை ஃபைல் பாத்தவன் சொல்லுறன்."

பத்து நாள் தொகுதி தொகுதியாகத் தூசி தின்றார். பதினோராம் நாள் மனைவி பியற்றிஸிடம் பொருமினார்.

"இலக்கத்தை எழுதின மனுசன் வருஷத்தையும் எழுதியிருக்கக் கூடாதோ?"

"எழுதித்தானே இருந்தவர். லமினேற் கவருக்குள்ளை அடங்கேல்லை எண்டு கீழ்த் துண்டை நீங்கள்தானே வெட்டி எறிஞ்சனீங்கள்."