புகை வாசம்

"சொல்லாம கொள்ளாம வந்துட்டேன். உங்க வீட்டுக்காரர் இல்லையாம்மா?" என்று கேட்டபடி உட்கார்ந்தார், பத்திரிகையில் ஒயின் ருசி பார்த்து எழுதுகிறவர்.

"பின்னாடி வேலையா இருக்காரு" என்றாள் திராட்சைத் தோட்டத்துக்காரி. ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. ஒரே ஒரு கோப்பையில் சிவப்பு ஒயினை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க குடிக்கலையா?"

"எனக்குத் தொண்டையில இறங்காது சார். நீங்க குடிங்க."

அவர் கோப்பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும் குடித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அடடா! போன வாரம் ஒரு விருந்துல இதை என்ன திராட்சைன்னு தெரியாமலே குடிச்சு அசந்துட்டேன். யாரும் சீண்டாத உங்க திராட்சைன்னு அப்புறம்தான் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை எழுதறேன். ஊரே உங்க வாசல்ல வந்து நிக்கும்!"

"நீங்க எழுதினா நடக்கும் சார். உங்க எழுத்தை ஒரு வரி விடாம படிக்கிறவங்க நாங்க."

அவள் குரலில் துளி சந்தோஷம் இல்லை.

அவர் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். "கடைசியில லேசா ஒரு புகை வாசம் வருது பாருங்க, அதுதான் இதோட அழகே!"

"அது ஒயின்ல இருந்து வரலை சார்."

அவள் எழுந்து பின்பக்க ஜன்னலைத் திறந்தாள். புகை குபுகுபுவென்று உள்ளே வந்தது. தோட்டம் இருந்த இடம் வெறும் மண்ணாகக் கிடந்தது. வேரோடு பிடுங்கிய கடைசிக் கொடியை அவள் கணவர் நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயோ, நிறுத்தச் சொல்லுங்கம்மா! யாரு இப்படிச் செய்யச் சொன்னது?"

"'இந்தத் திராட்சைக்கொடி விறகுக்குத்தான் லாயக்கு'ன்னு போன வருஷம் எழுதினீங்களே சார்" என்றபடி, பாட்டிலில் மிச்சம் இருந்ததையும் அவர் கோப்பையில் ஊற்றினாள்.