படைத்த மிட்டாய்

பூஜை அலமாரிக்குப் பின்னால் குடியிருந்த சுண்டெலியக்காவுக்கு ஒரு சாக்லேட் கேரமல் மிட்டாய் கிடைத்தது. போன வாரம்தான் பூனை துரத்தியபோது வளை வாசலில் இடுப்பு சிக்கி, அவளுக்கு உயிர் போய் உயிர் வந்திருந்தது. இனிமேல் இனிப்பைத் தொடவே மாட்டேன் என்று சுவரில் இருக்கும் பல்லித்தம்பியிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தாள்.

அதனால் முதலில் உறையைப் படித்தாள். பாதிக்கு மேல் சர்க்கரை, மிச்சத்தில் பெரும்பங்கு கொழுப்பு, புரதம் பேருக்குக் கொஞ்சம். "ஐயையோ, நமக்கு ஆகாது" என்று மிட்டாயைத் தள்ளி வைத்தாள். வாசனை மட்டும் தள்ளிப் போகவில்லை.

கொஞ்ச நேரம் யோசித்தவள், மிட்டாயை உருட்டிக்கொண்டு போய்ப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தாள். கண்ணை மூடிக் கும்பிட்டாள். பிறகு நிம்மதியாகக் கடித்தாள்.

"அக்கா, சர்க்கரை!" என்று பல்லித்தம்பி பதறினான்.

"பிரசாதத்துல ஏதுடா சர்க்கரை? இந்தா, நீயும் வாயில போடு" என்று ஒரு துணுக்கைக் கிள்ளிக் கொடுத்தாள்.

அவன் உறையை எட்டிப் பார்த்தான். "இதுல இன்னும் அப்படியேதானே போட்டிருக்கு?"

சுண்டெலியக்கா மீசையில் ஒட்டிய கேரமலை நக்கிக்கொண்டே சொன்னாள்: "அது படைக்கிறதுக்கு முன்னாடி அச்சடிச்சது."