ஊசி போடத் தெரிந்தவள்

டாக்டர் சங்கரி இந்த முறை காகிதத்தைச் சிவபாலன் பக்கம் திருப்பி வைத்தார்.

கல்யாணமாகி நாலு வருடம். வைத்தியம் தொடங்கி மூன்று. இதுவரை எந்த ஆஸ்பத்திரியிலும் ஒரு ரிப்போர்ட்கூட அவன் பக்கம் திரும்பியதில்லை. எல்லாம் மனைவி கீர்த்தியைப் பார்த்தே நீண்டன.

“விந்துல உயிரணு ஒண்ணுகூட இல்லைங்க,” என்றார் டாக்டர்.

சிவபாலன் சிரித்தான், ஆள் மாறிச் சொல்கிறார் என்பதுபோல. சட்டைக் கை தெறிக்கும் புஜம் அவனுக்கு. போன வருடம் மாவட்ட ஆணழகன் போட்டியில் மூன்றாம் பரிசு. அந்தக் கோப்பையை அவன் அம்மா தில்லையம்மாள் கூடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

இந்த ஒரு பரிசோதனைக்கு அவனைக் கூட்டிவர மூன்று வருடம் பிடித்தது. கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்.

“என்னப் பாத்தா கொற இருக்கறவன் மாதிரியா இருக்குது?”

யாருக்கும் அப்படித் தெரியவில்லை. ஆகவே வைத்தியம் கீர்த்திக்கு நடந்தது.

மாதவிலக்கான மூன்றாம் நாளிலிருந்து மாத்திரை. பிறகு கருமுட்டை வளர, தொப்புளைச் சுற்றித் தினம் ஓர் ஊசி. தினமும் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாமென்று நர்ஸ் அவளுக்கே போடச் சொல்லிக்கொடுத்தாள். வயிறு உப்பிப்போய் நிற்க முடியாமல், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேலையை விட்டாள். பதினாலு கிலோ கூடினாள். சஷ்டிக்குச் சஷ்டி குமரக்கோட்டம் முருகன் கோயிலில் பட்டினி கிடந்தாள்.

நாத்தனாரின் வளைகாப்பில் கீர்த்தி வளையலை எடுத்தபோது, தில்லையம்மாள் அதை அவள் கையிலிருந்து வாங்கிப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள். வாங்கிக் கொடுத்தாள், அவ்வளவுதான். கூடம் முழுக்கப் பார்த்தது.

அந்தத் தில்லையம்மாள்தான் இப்போது நாற்காலி நுனிக்கு வந்து, “மெஷின் எதனா தப்பாக் காட்டியிருக்கும்மா. இன்னொரு தபா பாருங்க,” என்றாள்.

கீர்த்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய ரிப்போர்ட் எதையும் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

டாக்டர் இரண்டாவது தாளை எடுத்தார். இரத்தத்தில் ஆண் ஹார்மோன், இருக்க வேண்டியதைப்போல் நாலு மடங்கு. 

“ஜிம்ல ஊசி எதாவது போட்டுக்கறீங்களா?”

சிவபாலன் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தான். “உடம்பு ஏறட்டும்னு கோச் குடுத்தாரு. கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து போட்டுக்கினு இருக்கேன். அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?”

கீர்த்தி சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் காலண்டரை விடவில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. விந்தணு உண்டாக்கச் சொல்லி விதைகளுக்கு உத்தரவு அங்கிருந்துதான் போகிறது. வெளியிலிருந்து ஹார்மோனைக் கொட்டினால், போதுமென்று நினைத்து அது உத்தரவை நிறுத்திவிடும். புஜம் பெருக்கும். உள்ளே வேலை நின்றுபோயிருக்கும்.

“அப்படி நின்னுபோன ஹார்மோன்ல ஒண்ணு எது தெரியுமா? உங்க மனைவி தினம் வயித்துல குத்திக்கிட்டாங்களே, அதேதான்.”

அவனுக்குள் தானாகச் சுரந்திருக்க வேண்டியது. அவளுக்குள் மூன்று வருடம் ஊசி ஊசியாக ஏறியது.



முதலில் தேறியது தில்லையம்மாள்தான். “சரியாப்பூடுமா டாக்டர்?”

“பெரும்பாலும் ஆயிடும். அந்த ஊசிய இன்னிக்கே நிறுத்தணும். அப்புறம் நாங்க குடுக்கற ஊசி, வாரத்துக்கு மூணு. ஆறு மாசம், மேலயும் ஆகலாம். ஒவ்வொரு தடவையும் இங்க வரணும்னு இல்ல. வீட்ல போடத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?”

தில்லையம்மாள் முகம் தெளிந்தது. “இதோ, கீர்த்தி இருக்காளே. நல்லாப் போடுவா.”

“வேணாம்மா,” என்றான் சிவபாலன் அவசரமாக.

கீர்த்தி எழுந்தாள். மேசைமேலிருந்த ஆஸ்பத்திரி ஃபைலைப் பிரித்துத் தன் பெயர் போட்ட தாள்களை மட்டும் ஒவ்வொன்றாக உருவினாள். மூன்று வருடத் தாள்கள். நேரமாயிற்று. கடைசியில் ஃபைலில் இரண்டே இரண்டு தாள் மிஞ்சியது. அதை அவன் மடியில் வைத்தாள்.

“அத்தையே கத்துக்கட்டும் டாக்டர்,” என்றாள். “இடுப்புல ஒருநாள் வலது பக்கம், ஒருநாள் எடது பக்கம். எண்ணெ மாதிரி கெட்டி மருந்து, கையில வெச்சு உருட்டிச் சூடாக்கிட்டுத்தான் போடணும். இல்லன்னா அவருக்கு வலிக்கும். அந்த கோச் குடுத்த ஊசிய வைட்டமின் ஊசின்னு சொல்லி, மூணு வருஷமா செவ்வாயும் வெள்ளியும் என் கையாலதான் போட்டுக்கினாரு.”