உப்பு டப்பாவின் மஞ்சள் சீட்டு

மாலை வெயில் அடுக்களை அலமாரியில் சாய்ந்து, டப்பாக்களின் மேலுள்ள மஞ்சள் சீட்டுகளைப் பளிச்சிட வைக்கிறது. நர்ஸ் வேலைக்கான ஆங்கிலத் தேர்வுக்காக மருமகள் எழுதி ஒட்டியவை அவை. சாப்பாட்டுப் பொருளை வைத்துச் சொல்லும் ஆங்கிலச் சொலவடை அந்தந்தப் பொருளின் மேலேயே இருந்தால், கை படும்போதெல்லாம் அர்த்தம் மனதில் ஏறும் என்பது அவள் கணக்கு. உப்பு டப்பாவில் 'பிஞ்ச் ஆஃப் சால்ட்', அதாவது கேட்டதை அப்படியே நம்பிவிடாதே. பீன்ஸ் டப்பாவில் 'ஸ்பில் த பீன்ஸ்', அதாவது ரகசியத்தைப் போட்டு உடை. தேர்வுக்கு முந்தைய வாரம் டப்பாக்களைக் கழுவிய மாமியார், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாமல் சீட்டுகளைக் குத்துமதிப்பாகத் திரும்ப ஒட்டினார். அதை இன்றுவரை வாய்திறந்து சொல்லவில்லை. இப்போது அடுப்பில் பால் பொங்கி வருகிறது, மருமகள் தேர்வு முடிவுக்காகப் போனையே பார்க்கிறாள். "பாஸ், அத்தை!" மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு முக்காலியில் பொத்தென்று உட்காருகிறார். "சீட்டையெல்லாம் நான்தாம்மா மாத்தி ஒட்டிட்டேன்." மருமகள் சிரிக்கிறாள். "அன்னைக்கே பாத்துட்டேனே. எது எங்க இருக்கணும்னு தேடித் தேடித்தான் எல்லாம் மண்டையில ஏறுச்சு. அதான் அப்படியே விட்டுட்டேன்." "அடிப்பாவி, மூணு வாரமா எனக்குத் தூக்கமே இல்லடி!" உப்பு டப்பாவில் எந்தச் சீட்டு இருக்கிறதென்று தெரியாமலே, பெயர்ந்திருக்கும் அதன் ஓரத்தை மாமியார் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டுகிறார்.