பச்சைப் பாதையில் ரெண்டே நிமிஷம்

சைக்கிள்களுக்கென்று பச்சை வண்ணம் அடித்த பாதையில்தான் வெள்ளைக் கார் தினமும் நிற்கும். அதன் முதலாளி எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க. ரோட்டுல இறங்கினா பஸ் உரசுது" என்று காரிடம் கெஞ்சும் ஒரு பழைய சைக்கிள்.

"ரெண்டே நிமிஷம்ப்பா. சுத்திப் போயேன்."

ஒரு மாதமாக அந்தச் சைக்கிளைக் காணோம். தொல்லை விட்டது என்றிருந்தது காருக்கு.

இன்று சிக்னலில் அரை மணி நேரமாக ஒரு அடிகூட நகர முடியவில்லை. முன்னால், சந்தனப் பொட்டுகூட அழியாத ஒரு புதுக் கார்.

"யாருடா நீ, புதுசா?" என்று எரிந்து விழுந்தது வெள்ளைக் கார்.

"எங்க சார் சைக்கிள்லதான் போயிட்டிருந்தாரு. பச்சைப் பாதையில தினமும் ஏதோ ஒரு கார் நிக்குமாம். பஸ் உரசி விழுந்ததும் என்னை வாங்கிட்டாரு. பொறுங்கண்ணே, ரெண்டே நிமிஷம்."