பழைய கரண்ட் பில்

"எனக்கெல்லாம் லீவு தர மாட்டாங்கங்க. நீங்களே போட்டுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டினாள் மனைவி. சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், தடிமனாக ஒரு நாவல் எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

அவன் கதவைச் சாத்திவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தான். மகளுக்குப் பள்ளி விடுமுறை, யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். இன்றைக்கு ஒரு நாளாவது ரயில் நிலையத்து பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்து முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டாம்.

ஆமாம், அவனுக்கு வேலை போய் இருபத்தாறு நாள் ஆகிறது. உதிரிபாகக் கிடங்கில் பதினேழு வருஷம் ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் பெயர் எழுதி ஒட்டியவனை ஒரே கடிதத்தில் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள்.

வேறு வேலை கிடைக்கும்வரை மனைவிக்குத் தெரியக் கூடாது. போன வருஷம் இவன் காய்ச்சலில் படுத்ததற்கே தூக்கம் கெட்டுப் பாதியாக இளைத்தவள் அவள். இது தெரிந்தால் உடைந்தே போய்விடுவாள்.

"அப்பா, ஆரம்பிக்கலாமா?" மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வயது ஒன்பது, வாய்க்கு மட்டும் பத்தொன்பது. பத்து நாளைக்கு முன்னால், பள்ளிக்காகச் செய்து வைத்திருந்த பறவைகள் ஆல்பம் எங்கே போனதென்று தெரியாமல் அழுது வீட்டை இரண்டாக்கினாள். அன்றிலிருந்து ஃபைல்களை அடுக்கவும் பத்திரப்படுத்தவும் அப்பாவிடம் பாடம்.

"முதல் விதி என்ன?"

"பேரை நம்பாதே. திறந்து பாரு, உள்ளே என்ன இருக்கோ அதையே பேரா வை."

"ரெண்டாவது?"

"ஒரே மாதிரி இருக்கிறதெல்லாம் ஒரே ஃபோல்டர்ல."

"மூணாவது?"

"எல்லாத்துக்கும் இன்னொரு காப்பி. அதையும் இதே லேப்டாப்புல வெச்சா சுத்த வேஸ்ட்டு. இது செத்தா அதுவும் சேர்ந்து சாகும்."

பரவாயில்லை, தேறிவிட்டாள். காப்பி எடுக்க வேண்டிய ஹார்ட் டிஸ்க்கைச் செருகிக் கொடுத்தான்.

"என்னோடது, அம்மாவோடது எல்லாம் அடுக்கியாச்சு. இன்னிக்கு உங்களோடது" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

"கிளறு, கிளறு. எல்லாம் குப்பைதான்" என்று நாற்காலியில் சாய்ந்தான் அவன். வேலை பார்த்த அசதியைவிட, பார்ப்பதுபோல் நடிக்கிற அசதி மகா மோசம். சாயங்காலம் மனைவி வந்து "இன்னிக்கு ஆபீஸ்ல ஒரே கூட்டம்" என்று பெருமூச்சு விட்டால், பதிலுக்கு இவனும் இல்லாத லாரியிலிருந்து இல்லாத சரக்கை இறக்கியாக வேண்டும். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவிலும் இந்த மாதம் நாலு நாவல் படித்து முடித்துவிட்டாள், புண்ணியவதி. எப்படித்தான் முடிகிறதோ!

கண் சொருகிக்கொண்டு வந்தது.

"அப்பா, 'பழைய கரண்ட் பில்'னு ஒண்ணு இருக்கே, இதைத் திறக்கிறேன்."

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "ஏய், அதைத் தொடாதே! அது வெறும் பில்லு!"

"நீங்கதானே பேரை நம்பாதேன்னு சொன்னீங்க?"

அவன் எழுந்து பாய்வதற்குள் கடிதம் திரை முழுக்க விரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல் உரக்கவே படித்தாள். "'தங்களது சேவை இன்றுடன் முடிவுக்கு வருகிறது.' வேலை போச்சாப்பா?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தான். இருபத்தாறு நாளில் இருந்த பொய்யெல்லாம் செலவாகிவிட்டது போலிருக்கிறது.

"ஆமாடா குட்டி. போச்சு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே. அவ தாங்க மாட்டா. வேற வேலை கிடைச்சதும் நானே சொல்லிடறேன்."

"சொல்ல மாட்டேம்ப்பா. இந்த மாதிரி விஷயமெல்லாம் நான் யார்கிட்டயும் சொல்லவே மாட்டேன்."

அழுவாள், ஆயிரம் கேள்வி கேட்டுத் துளைப்பாள் என்று பயந்திருந்தான். அவளோ பெரிய மனுஷி மாதிரி அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பெற்ற பிள்ளையைப் போய்ப் பொய்க்குக் கூட்டுச் சேர்த்துக்கொண்டோமே என்று வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் என்ன செய்வது? மனைவி நிம்மதியாக வேலைக்குப் போய் வருகிறாள். அந்த நிம்மதி ஒன்றாவது இந்த வீட்டில் மிஞ்சட்டும்.

"சரி, சாயங்காலம் அம்மா வந்து இந்த லேப்டாப்பைத்தான் திறப்பா. அவ கண்ணுல படாம புதுசா ஒரு ஃபோல்டர் போட்டு, இதை அதுக்குள்ளே தள்ளிடு."

"புதுசு எதுக்குப்பா? 'வேலை போச்சு'ன்னு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. அம்மாவோட லெட்டரை அதுலதான் போட்டிருக்கேன்."